கதவைத் திறந்துவிட்டுப் போன அமைச்சர்

1948 பிப்ரவரி 18 அன்று அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவைக்குள் நோயல் பிரவுன் முதன்முதலாக அடியெடுத்து வைத்தார். அன்றைக்கே சுகாதாரத் துறை அமைச்சராகவும் ஆனார். வயது 32. மருத்துவர். காசநோயில் விழுந்து மீண்டவர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1951 ஏப்ரல் 11 அன்று பதவி விலகினார். அதன் பிறகு 30 ஆண்டுகளுக்கும் மேல் அரசியலில் இருந்தார். ஐந்து கட்சிகளில் இருந்து பார்த்தார், எதிலும் ஒட்டவில்லை. இன்னொரு முறை அமைச்சர் நாற்காலி அவருக்குக் கிடைக்கவே இல்லை.

பதவிகளைக் கொண்டு அளந்தால் இது தோற்றுப்போன அரசியல் வாழ்க்கை. ஆனாலும், 20-ம் நூற்றாண்டு அயர்லாந்தின் வரலாற்றை எழுத உட்கார்கிற எவரும் பிரவுனைத் தாண்டிப் போவதில்லை. கத்தோலிக்க ஆயர்களை எதிர்த்து நின்ற தனி மனிதன் என்று அவரைப் பற்றிச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. தாய்-சேய் நலத் திட்டத்தைக் கொண்டுவர அவர் முயன்றது பெரிய காரியம். அந்தத் திட்டத்தை யார், எப்படி முடித்துவைத்தார்கள் என்பதற்கான கடிதங்களை நாட்டு மக்களின் முன்னால் வைத்தது அதைவிடப் பெரிய காரியம். இன்றைக்கும் நாம் படித்துக்கொள்ள வேண்டிய பாடம் அந்த இரண்டாவது செயலில்தான் இருக்கிறது.

நோய் தின்ற குடும்பம்

பிரவுன் 1915-ல் வாட்டர்ஃபோர்டில் பிறந்தார். தந்தை, குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கத்தில் ஆய்வாளர். சொற்ப வருமானம், பெரிய குடும்பம். தந்தையைக் காசநோய் கொண்டுபோனது. அதே நோய் பற்றியிருந்த தாய், இருந்ததை விற்றுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவரும் இறந்தார். உடன்பிறந்தவர்களில் பலரையும் அந்த நோய் விட்டுவைக்கவில்லை.

பிரவுனைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம். உதவித்தொகையில் இங்கிலாந்தின் சேசு சபைப் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கே நண்பனான ஒரு மாணவனின் குடும்பம் டப்ளினில் வசதியான மருத்துவக் குடும்பம். அவர்கள் பிரவுனை டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படிக்க வைத்தார்கள். படிக்கும்போதே அவருக்கும் காசநோய் வந்தது. இங்கிலாந்தின் சிறந்த காசநோய் மருத்துவமனைகளில் ஒன்றில் சேர்த்துச் செலவு முழுவதையும் அவர்களே ஏற்றார்கள். அவர் பிழைத்தார்.

அதே காலத்தில் அயர்லாந்தின் ஏழை வீடுகளில் என்ன நடந்தது? ஒரு படுக்கை காலியாவதற்காக நோயாளிகள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். வீட்டில் நோய் இருப்பதை வெளியே சொல்லவும் குடும்பங்கள் கூசின. சொன்னால் பெண்ணுக்கு வரன் அமையாது, பையனுக்கு வேலை கிடைக்காது. 30 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகை கொண்ட நாட்டில் ஆண்டுக்கு 3,000 பேருக்கு மேல் காசநோயால் இறந்துகொண்டிருந்தார்கள். பணம் இருந்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் சாகலாம் என்பதைத் தன் குடும்பத்துக்குள்ளேயே பார்த்தவர் பிரவுன். மருத்துவத்துக்கு வருமானச் சான்று கேட்கக் கூடாது என்று பின்னாளில் அவர் பிடித்த பிடிவாதத்தின் வேர் அங்கேதான் இருக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகளின் வேகம்

1946-ல் ஷான் மக்பிரைட் ‘கிளான் நா போப்ளக்தா’ என்ற கட்சியைத் தொடங்கினார். ஐரிஷ் குடியரசுப் படையின் முன்னாள் தலைமைத் தளபதி அவர். குடியரசு, சமூக நலன் என்று இரண்டையும் பேசிய அந்தக் கட்சி, காசநோய் ஒழிப்பையும் தன் முழக்கமாக்கியது. 1948 தேர்தலில் அதற்கு 10 இடங்கள் கிடைத்தன. 1932 முதல் 16 ஆண்டுகள் அசையாமல் ஆண்ட டி வலேராவின் ஃபியனா ஃபால் கட்சியை இறக்குவதற்காகவே மற்ற கட்சிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. ஃபின கேல் கட்சியின் ஜான் காஸ்டெல்லோ பிரதமரானார். வலதும் இடதும் கலந்த அந்தக் கூட்டணியில் மக்பிரைட் வெளியுறவுத் துறையை எடுத்துக்கொண்டு, சுகாதாரத்தைப் பிரவுனுக்குக் கொடுத்தார்.

எல்லாவற்றையும் பிரவுனே தொடங்கினார் என்று சொல்வது நியாயமாகாது. காசநோய் மருத்துவமனைகளைக் கட்டுவதற்கான சட்டம் 1945-லேயே வந்துவிட்டது. துறையின் தலைமை மருத்துவ ஆலோசகர் ஜேம்ஸ் டீனி விரிவான திட்ட அறிக்கை ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தார். 1947-ன் சுகாதாரச் சட்டமும் டி வலேரா அரசு நிறைவேற்றியதுதான். பிரவுன் கொண்டுவந்தது வேகம். குதிரைப் பந்தயப் பரிசுச் சீட்டு விற்று மருத்துவமனைகளுக்காகத் திரட்டிய நிதி ஒன்று அயர்லாந்தில் இருந்தது. முதலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வருமானத்தில் செலவு செய்யலாம் என்பது அதுவரையிலான எண்ணம். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் சாவு விழும்போது முதலைப் பூட்டிவைத்து என்ன பயன் என்று கேட்டு, அதை எடுத்துச் செலவழித்தார் பிரவுன்.

பழைய கட்டடங்கள் காசநோய் மருத்துவமனைகளாக மாற்றப்பட்டன. டப்ளின், கார்க், கால்வே நகரங்களில் பெரிய மருத்துவமனைகளுக்கான வேலை முடுக்கிவிடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் சுமார் 2,000 படுக்கைகள் கூடின. பி.சி.ஜி. தடுப்பூசி, மார்பு எக்ஸ்ரே பரிசோதனை, தேசிய ரத்த தான அமைப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும் அந்த நேரத்தில் கைக்கு எட்டியது. 1950-களின் நடுப்பகுதிக்குள் காசநோய்ச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. மருந்தின் பங்கு எவ்வளவு, அமைச்சரின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் வாதிடலாம். மருந்து வந்த நேரத்தில் நோயாளியைக் கிடத்தப் படுக்கை தயாராக இருந்தது என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

சிவப்புச் சீட்டும் இலவசமும்

அடுத்ததாகப் பிரவுன் கையில் எடுத்தது தாய்-சேய் நலத் திட்டம். கருவுற்ற பெண்களுக்கும் பிரசவித்த தாய்மார்களுக்கும் இலவச மருத்துவம். 16 வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம். குடும்பத்தின் வருமானம் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதற்கான அதிகாரம் 1947 சட்டத்திலேயே இருந்தது. செயல்படுத்துவதுதான் பாக்கி.

வருமானம் கேட்பதில் என்ன கெடுதல்? அயர்லாந்தின் ஏழைகளுக்கு அது தெரியும். அரசு மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால், உள்ளூர் அதிகாரி ஒருவரிடம் போய்த் தன் வறுமையைச் சொல்லி ஒரு சீட்டு வாங்கிவர வேண்டும். மருத்துவரை வீட்டுக்கு வரவழைக்க வேண்டுமென்றால் அந்தச் சீட்டு சிவப்பு. 19-ம் நூற்றாண்டில் பஞ்ச காலத்தை ஒட்டி உருவான இந்த ஏற்பாடு 1972 வரை நீடித்தது. ஏழைக்கு ஒரு வாசல், காசு கொடுப்பவருக்கு ஒரு வாசல். நோயோடு சேர்த்து அவமானத்தையும் சுமந்துகொண்டு போக வேண்டிய அந்த முதல் வாசலை மூடிவிட வேண்டும் என்பதுதான் பிரவுனின் நோக்கம்.

எதிர்ப்பு முதலில் மருத்துவர்களிடமிருந்து கிளம்பியது. பக்கத்தில் பிரிட்டனிலும் வட அயர்லாந்திலும் 1948 ஜூலையில்தான் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியிருந்தது. அதே நிலை தங்களுக்கும் வந்துவிடும், அரசாங்கச் சம்பளக்காரர்கள் ஆகிவிடுவோம் என்று ஐரிஷ் மருத்துவச் சங்கம் அஞ்சியது. கட்டணம் கொடுக்கும் நடுத்தரக் குடும்பங்கள் கைவிட்டுப் போனால் வருமானம் போய்விடும் என்ற கவலையும் இருந்தது. வசதியுள்ளவர்களிடம் கட்டணம் வாங்கினால் போதும், நாங்கள் ஒத்துழைக்கிறோம் என்றார்கள். பிரவுன் மசியவில்லை.

அடுத்து ஆயர்கள் வந்தார்கள். 1950 அக்டோபரில் கூடிய ஆயர் பேரவை, பிரதமருக்குக் கடிதம் எழுதியது. பிள்ளைகளின் உடல்நலத்தைப் பேணும் உரிமை பெற்றோருக்கு உரியது, அரசு அதைப் பிடுங்கக் கூடாது. பெண்களுக்குத் தாய்மை குறித்து அரசு மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கப் போவது என்ன, அது கருத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் கொண்டுபோகாது என்பதற்கு என்ன உத்தரவாதம். வறியவர் பத்து சதவீதத்தினர் என்பதற்காக மொத்தச் சமூகத்தின் மீதும் அரசு மருத்துவத்தைத் திணிப்பதா? இவைதான் அவர்களின் வாதங்கள்.

இந்த வாதங்களைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. எல்லாவற்றையும் தன் கைக்குள் கொண்டுவந்த அரசுகளை ஐரோப்பா பார்த்து முடித்த சமயம் அது. கிழக்கு ஐரோப்பாவில் ஆயர்கள் சிறையில் கிடந்தார்கள். அரசின் கை நீளுவதைக் கண்டு திருச்சபை பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால், அந்தப் பயத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? ஆயர்கள் இல்லை. சீட்டு வாங்க வரிசையில் நின்ற தாய்மார்கள்.

மூடிய அறைக்குள் முடிந்த கணக்கு

அக்டோபர் 11 அன்று டப்ளின் பேராயர் ஜான் சார்ல்ஸ் மக்குவேடையும் வேறு இரண்டு ஆயர்களையும் பிரவுன் சந்தித்தார். அவர்களைத் திருப்திப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர்கள் அப்படி நினைக்கவில்லை. ஆயர்களின் கடிதத்துக்குப் பிரவுன் எழுதிக்கொடுத்த விளக்கத்தைப் பிரதமர் காஸ்டெல்லோ மாதக்கணக்கில் அனுப்பாமல் வைத்திருந்தார். ஆயர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று அமைச்சரும், அரசு யோசித்துக்கொண்டிருக்கிறது என்று ஆயர்களும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். உண்மை தெரிந்த பிரதமர் இரண்டு தரப்புக்கும் நடுவில் காலத்தைக் கடத்தினார். மருத்துவர்களோடு சண்டை போடவும் அமைச்சரவையில் யாருக்கும் விருப்பமில்லை. ஆயர்கள் வேண்டாம் என்று சொன்னால் அதுவே நல்ல சாக்கு.

1951 மார்ச்சில் பிரவுன் திட்டத்தை அறிவித்துக் கையேடு வெளியிட்டார். ஏப்ரல் 4 அன்று ஆயர்கள் அதைக் கத்தோலிக்கச் சமூகப் போதனைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார்கள். ஏப்ரல் 6 அன்று கூடிய அமைச்சரவை பிரவுனைக் கைவிட்டது. அவரை அரசியலுக்குக் கொண்டுவந்த மக்பிரைடே 10-ம் தேதி ராஜினாமாவைக் கேட்டார். பிரிட்டிஷ் பேரரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர், பேராயரின் மாளிகைக்கு முன் பணிந்தார்.

விலகியதோடு பிரவுன் நின்றுவிடவில்லை. ஆயர்கள் எழுதியது, பிரதமர் எழுதியது, மக்பிரைட் எழுதியது, தான் எழுதியது என அத்தனை கடிதங்களையும் பத்திரிகைகளிடம் கொடுத்துவிட்டார். ஏப்ரல் 12 காலையில் ‘ஐரிஷ் டைம்ஸ்’ நாளிதழில் அவை வெளிவந்தன. நாட்டின் உண்மையான அரசாங்கம் திருச்சபைதான் போலிருக்கிறது என்று அந்தப் பத்திரிகை தலையங்கம் தீட்டியது.

அன்று நாடாளுமன்றத்தில் பேசிய காஸ்டெல்லோ, தான் ஒரு கத்தோலிக்கர் என்றும் திருச்சபைக்குக் கீழ்ப்படிவதாகவும் வெளிப்படையாகவே சொன்னார். கடிதங்கள் வெளிவந்ததுதான் அவருக்கு வருத்தம். இவையெல்லாம் மூடிய கதவுகளுக்குப் பின்னால் பேசித் தீர்த்திருக்க வேண்டியவை என்றார். இவ்வளவு நேர்மையான ஒப்புதல் வாக்குமூலத்தை எந்த எதிர்க்கட்சியும் ஒரு பிரதமரிடமிருந்து வாங்கியிருக்க முடியாது. எந்தப் போதனையையும் நம்பும் உரிமை காஸ்டெல்லோவுக்கு உண்டு. வாக்களித்த மக்களுக்குத் தெரியாமல், வாக்குக் கேட்டு வராத ஒரு சபையின் சொல்படி சட்டத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு, வேறு காரணம் சொல்லிக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை.

இதில் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஆயர்களின் தீர்ப்பைத் தானும் கத்தோலிக்கராக ஏற்பதாகத்தான் பிரவுனும் அன்று சபையில் சொன்னார். திருச்சபையை எதிர்த்துக் கொடி பிடித்தவர் என்ற சித்திரம் பிறகு வரையப்பட்டது. அன்று அவர் குற்றம் சாட்டியது முக்கியமாகத் தன் சகாக்களை. வருமானச் சோதனை கிடையாது என்ற கொள்கைக்குத் தங்கள் ஆதரவு உண்டு என்று தன்னை நம்பவைத்துவிட்டு, சோதனை வந்தபோது அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் அவருடைய புகார்.

அமைச்சரவை ரகசியம் காக்கப்பட வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. அமைச்சர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேச ஒரு மறைவு வேண்டும் என்பது நியாயம். ஆனால், சகாக்களுக்குள் நடக்கும் விவாதம் வேறு, வெளியிலிருந்து வரும் தடை வேறு. முதலாவதற்கு ரகசியம் தேவை. இரண்டாவதற்கு அந்தச் சலுகையைக் கொடுத்தால், ஆட்சி யார் கையில் இருக்கிறது என்பதே மக்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

தனித்து நின்றவரின் குறை

பால் விலைத் தகராறில் கிராமப்புற உறுப்பினர்களின் ஆதரவையும் இழந்த அரசு, அடுத்த சில வாரங்களில் கவிழ்ந்தது. மே 30-ல் தேர்தல். பிரவுன் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். அவரை வெளியேற்றிய கட்சி 10 இடங்களிலிருந்து 2-க்கு வந்தது. திரும்ப வந்த டி வலேரா 1953-ல் ஒரு சுகாதாரச் சட்டத்தை நிறைவேற்றினார். ஆயர்களோடு பேசி, வருமான வரம்பு வைத்து, குழந்தைகளுக்கு ஆறு வாரம்வரை மட்டுமே என்று சுருக்கிக்கொண்ட சட்டம். சமரசக்காரருக்குக் கொஞ்சம் கிடைத்தது, பிடிவாதக்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று அப்போது பேசினார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

பிரவுனுக்குக் கூட்டாளிகளைச் சேர்க்கத் தெரியாது. இருப்பவர்களைத் தக்கவைக்கவும் தெரியாது. டீனியோடு பிணக்கு, மக்பிரைடோடு பகை. 1953-ல் டி வலேராவின் கட்சியிலேயே சேர்ந்தார், 1954-ல் தோற்றார், 1957-ல் அக்கட்சி வேட்பாளராக்க மறுத்ததால் சுயேச்சையாக நின்று வென்றார். 1958-ல் ஜாக் மக்குயிலனோடு தேசிய முற்போக்கு ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். 1963-ல் தொழிற்கட்சிக்குப் போனார். அக்கட்சியின் கூட்டணி முடிவை ஏற்காமல் 1973-ல் கீழவைத் தேர்தலிலிருந்து விலகி, பல்கலைக்கழகத் தொகுதி வழியாக மேலவைக்குச் சென்றார். 1977-ல் மீண்டும் கீழவை, பிறகு சோஷலிஸ்ட் தொழிற்கட்சி, 1982-ல் ஓய்வு. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜான் ஹோர்கன் தன் நூலின் தலைப்பிலேயே அவரை வெளியாள் என்று குறிப்பிட்டது பொருத்தம்தான். 1986-ல் வெளிவந்து பரபரப்பாக விற்ற பிரவுனின் தன்வரலாற்றில் சகாக்கள் மீதான கசப்பு நிறைந்திருக்கிறது. அவர் சொல்வதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வரலாற்று ஆசிரியர்கள் தயாராக இல்லை.

ஆனாலும், எந்தக் கட்சியில் இருந்தாலும் ஒரு வேலையை அவர் விடவில்லை. மற்றவர்கள் பேசத் தயங்கியதைச் சபையில் எழுப்புவது. டி வலேரா பிரதமராக இருந்துகொண்டே ‘ஐரிஷ் பிரஸ்’ நாளிதழின் நிர்வாகத்திலும் இருந்தார். அந்த நிறுவனத்தின் பங்குகள் அவர் குடும்பத்தின் கைக்குப் போனதைத் தேடி எடுத்து 1958-ல் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார் பிரவுன். 1972-ல் ஜான் ஓ’கானலோடு சேர்ந்து கருத்தடைச் சாதனங்களை அனுமதிக்கும் மசோதாவைக் கொண்டுவர முயன்றார். சபை அதை அறிமுகப்படுத்தவே விடவில்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பின், கட்டுப்பாடுகளோடு அதே அனுமதியைச் சட்டமாக்க வேண்டிய நிலை வந்தது.

தோல்வி எது, வெற்றி எது

கத்தோலிக்கத் திருச்சபைக்கு ‘தனிச் சிறப்பிடம்’ தந்த அரசியல் சட்டப் பிரிவை 1972 பொது வாக்கெடுப்பில் அயர்லாந்து மக்கள் நீக்கினார்கள். 2015-ல் தன்பாலினத் திருமணத்தையும், 2018-ல் கருக்கலைப்பையும் வாக்களித்து ஏற்றார்கள். 1997-ல் காலமான பிரவுன் பின்னிரண்டையும் பார்க்கவில்லை. இவை எல்லாவற்றுக்கும் அவரே காரணம் என்று எழுதினால் அது மிகை. கல்வி, பொருளாதாரம், பெண்கள் இயக்கம், திருச்சபைக்குள்ளிருந்தே வெடித்த ஊழல்கள் என்று காரணங்கள் பல. ஆனால், ஆயர்களின் செல்வாக்கு அதுவரை எல்லோருக்கும் தெரிந்த, யாரும் நிரூபிக்க முடியாத விஷயமாக இருந்தது. 1951 ஏப்ரலுக்குப் பிறகு அது தேதியோடும் கையெழுத்தோடும் அச்சில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் வாதாடுவதற்கு ஓர் ஆவணம் கிடைத்துவிட்டது. திட்டம் நிறைவேறியிருந்தால் பிரவுன் ஒரு நல்ல சுகாதார அமைச்சராக நினைவில் இருந்திருப்பார். அது கொல்லப்பட்ட விதத்தை வெளியிட்டதால், ஆட்சியின் சூத்திரக் கயிறு யார் கையில் இருந்தது என்பதைக் காட்டியவராக நிற்கிறார்.

2015 ஜூலையில் அயர்லாந்து, ஆறு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் குடும்ப மருத்துவரிடம் இலவச சிகிச்சை என்று அறிவித்தது. பெற்றோரின் வருமானம் கேட்கப்படவில்லை. 2023-ல் அந்த வயது எட்டாக உயர்ந்தது. பிரவுன் கேட்ட பதினாறை அந்த நாடு அப்போதும் எட்டவில்லை.

மருத்துவமோ கல்வியோ, எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைத் தர அரசு முன்வரும்போது, வேண்டாம் என்று சொல்ல ஒரு சபையோ சங்கமோ தொழில் அமைப்போ வரத்தான் செய்யும். சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. எழுத்தில் சொல்லட்டும், ஊரறியச் சொல்லட்டும். கேட்டுக்கொண்டு திட்டத்தைக் கைவிடுகிற அரசு, யார் சொல்லிக் கைவிட்டோம் என்பதையும் சேர்த்து அறிவிக்கட்டும். ஒரு திட்டம் ஏன் நின்றது என்று எந்த விளக்கமும் இல்லாமல் மறக்கடிக்கப்படும்போதெல்லாம், அந்தக் கடிதங்களைக் காட்டுங்கள் என்று கேட்பது குடிமக்களின் கடமை.